வெள்ளையில் கொஞ்சம் கறுப்பு

நாலாம் வகுப்பு வரை என் குரல் எப்படி இருக்கும் என்று என்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசித்தால் மற்றவர்கள் “உள்ளேன் ஐயா” என்பார்கள். நான் கையை மட்டும் தூக்குவேன். அந்தக் கையும் தோளுக்கு மேலே போகாது. சத்துணவு வரிசையில் ஆயா ஒரு கரண்டி சோறு போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம்” என்று கேட்க ஆசையாக இருக்கும். தொண்டை வரைக்கும் வந்த சொல் அங்கேயே நின்றுவிடும். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அரை வயிற்றோடு எழுந்த மதியங்கள் எத்தனையோ. அண்டாவில் சோறு இருந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

1980களின் பின்பாதி அது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற சாலையை ஒட்டி எங்கள் ஊர். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு வட்டம். தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1ஆம் தேதிதான். கிழக்கே கொல்லிமலை நீலமாகக் கிடக்கும். மலைக்கும் எங்களுக்கும் நடுவே கடலைக்காய், சோளம், ஆமணக்கு, குச்சிக்கிழங்கு விளைகிற மேட்டுக்காடு. ஆட்கள் எட்டி எட்டி நின்று வேலை செய்கிற காடு என்பதால் எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் குரல் பெரிது. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குக் கூப்பிட்டால் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் வாயைத் திறக்காத பிள்ளையாக இருந்தேன்.

“புள்ள பேசவே மாட்டீங்குதே” என்று அம்மாயி கவலைப்படும். வசம்பை உரைத்து நாக்கில் தடவும். விருந்துக்கு வந்தவர்கள், “வாயுள்ள புள்ளதான் பொழைக்கும்” என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எனக்குப் பேச்சு வரும் என்பது வீட்டு ஆட்டுக்குட்டிக்கு மட்டும் நன்றாகத் தெரியும். பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பாடம் முழுவதையும் அதற்கு ஒப்பித்துவிடுவேன்.

கூச்சம் உள்ள பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே தயாராக இருக்கும். ஆனால் எதிரே நாற்பது ஜோடிக் கண்கள் இருக்கின்றன. அந்தக் கண்கள் பட்டதும் காது மடல் சுடும், உள்ளங்கை நனையும், கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டத் தொடங்கும். உடம்பு முழுவதும் அந்தக் கண்களைத் தாங்குகிற வேலையில் இருக்கும்போது பேசுவதற்கு எது மிச்சம் இருக்கும்?

மூன்றாம் வகுப்பில் நடந்ததை இன்றும் என்னால் எளிதாகச் சொல்ல முடிவதில்லை. பள்ளியை ஆய்வு செய்ய அதிகாரி வந்திருந்தார். வகுப்பாசிரியர் என்னை எழுப்பி ஒரு குறள் சொல்லச் சொன்னார். எனக்குப் பத்துக் குறள் தெரியும். முதல்நாள் மாலை ஆட்டுக்குட்டிக்குப் பத்தையும் தப்பில்லாமல் சொல்லியிருந்தேன். எழுந்து நின்றேன், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு ஆசிரியர் என்னைக் கதவோரம் நிற்க வைத்தார். மதிய மணி அடிக்கும் வரை நின்றேன். போகிற வருகிற பிள்ளைகள் “ஊமைக்கோட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெயர் ஒரு வருடம் என்னோடு இருந்தது. என் வாயைத் திறக்க வைப்பதற்காகத்தான் அவர் அப்படிச் செய்தார். அதற்குப் பிறகு ஆட்டுக்குட்டியிடம் பேசுவதும் குறைந்துவிட்டது.

என் அப்பாவும் அதிகம் பேசமாட்டார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் அவர் பெயிண்டர். இந்தியாவின் எந்தச் சாலையில் போனாலும் எங்கள் ஊரில் கூடு கட்டிய லாரியைப் பார்க்கலாம் என்று பட்டறைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தச்சு வேலை, வெல்டிங் வேலை எல்லாம் முடிந்து கடைசியில்தான் வண்டி அப்பா கைக்கு வரும். முதலில் பட்டி பார்ப்பார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பிறகு பிரைமர், அதற்கு மேல் எனாமல். கடைசியில்தான் படமும் எழுத்தும். சாக்குத்தூள் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுவார். பலகையில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் ‘ஸ்ரீ ஆஞ்சநேயர் துணை’ என்று எழுதுவார். தாமரை, மயில், மலைக்குப் பின்னால் உதிக்கிற சூரியன் எல்லாம் வரும். வண்டிக்காரர் வந்து பார்த்து, “என்னங்க, மயிலு பறந்துரும் போலிருக்குதே” என்று சொன்னால் அப்பா பிரஷை டர்பன்டைனில் கழுவிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டுவார்.

லீவு நாட்களில் என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போவார். வண்ணம் கலக்கும்போது டப்பாவைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பச்சை வேண்டுமென்றால் எதில் எதைச் சேர்ப்பது, எதை முதலில் ஊற்றுவது, எதைச் சொட்டுக் கணக்கில் விடுவது என்பதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அங்கே யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை.

ஒருநாள் அப்பா நாமக்கல் கவிஞரைப் பற்றிச் சொன்னார். மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராகத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னை அரசின் அரசவைக் கவிஞராக 1949இல் அமர்ந்தவர்; கோட்டையில் உள்ள தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அப்பாவுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. “அவரு மொதல்ல படம் போடறவரு கண்ணு. அப்புறந்தான் பாட்டெழுதுனாரு” என்றார். அன்று முழுவதும் அப்பா பேசியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நான் நாலாம் வகுப்புக்குப் போன வருடம் பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. ஒரு டீச்சரும் வந்தார். இரண்டும் ஒரே திட்டத்தில் வந்தவை என்பது பின்னாளில் நானே ஆசிரியர் ஆன பிறகுதான் தெரிந்தது. 1986இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டிலுள்ள ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், அவர்களில் ஒருவர் முடிந்தவரை பெண்ணாக இருக்க வேண்டும், கற்றல் பொருள்களும் நூல்களும் வேண்டும் என்பது அதன் நோக்கம். பெட்டியில் உலக உருண்டை இருந்தது, வரைபடங்கள் இருந்தன, ஒரு கட்டுப் புத்தகங்கள் இருந்தன. பல பள்ளிகளில் அப்படி வந்தவற்றைப் பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பீரோவில் பூட்டி வைத்தார்கள். எங்கள் புது டீச்சர் சேலத்திலிருந்து பேருந்தில் வருகிறவர். வந்த வாரத்திலேயே பீரோவைத் திறந்து, சணல் கயிறு ஒன்றைச் சுவரோடு சுவராகக் கட்டி, அதில் புத்தகங்களைத் துணி காயப் போடுவதுபோலத் தொங்கவிட்டார்.

அதுவரை நான் பார்த்த புத்தகங்களில் படம் எழுத்துக்குத் துணையாக ஓரத்தில் இருக்கும். இவற்றில் படம்தான் பக்கம் முழுவதும். எழுத்து ஓரமாக ஒன்றிரண்டு வரி. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட குழந்தை நூல்கள் அவை. ஒரே படங்களை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றிப் பல இந்திய மொழிகளில் அச்சிடுவார்கள். அதனால் விலை மலிவு. அந்த நிறுவனமும், சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் தோன்றியது 1957ஆம் ஆண்டு. முப்பது வருடம் கழித்து அந்தப் புத்தகங்களில் ஒன்று எங்கள் மேட்டுக்காட்டுப் பள்ளியின் சணல் கயிற்றுக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஒன்று ரூபா என்ற யானையின் கதை. எழுதியவரும் வரைந்தவரும் மிக்கி படேல். ரூபாவுக்குத் தன் நிறம் மங்கலாக இருக்கிறதே என்று வருத்தம். மற்ற விலங்குகளிடம் இருக்கிற வண்ணமெல்லாம் அதன் மேல் ஏறுகிறது. கடைசியில் தன் நிறத்தோடு தான் இருப்பதே சரி என்று அதற்குப் புரிகிறது. இவ்வளவுதான் கதை. என்னைப் பிடித்துக்கொண்டது கதையல்ல. அந்த யானையின் உடம்பு. ஒரு பக்கம் முழுவதும் நிறைத்துக்கொண்டு நிற்கிற அவ்வளவு பெரிய உயிர், எல்லோர் கண்ணும் தன் மேல் இருக்கிறது என்று நினைத்துக் கூசுகிறது. கூச்சம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன்.

டீச்சர் கதை சொல்லும்போது புத்தகத்தை எங்களைப் பார்க்கத் திருப்பி, மார்புக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஒரு கை புத்தகத்துக்கே போய்விடும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, கை வலிக்குது. நீ வந்து இதைப் புடிச்சுக்கிறியா? நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றப்ப பக்கத்தைத் திருப்பினாப் போதும்.”

போனேன். புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். என் நெற்றி வரை மறைந்துவிட்டது. புத்தகத்துக்கு அந்தப் பக்கம் நாற்பது பிள்ளைகள். அவர்கள் எல்லோரும் என் பக்கமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. யானையைப் பார்த்தார்கள். காது சுடவில்லை. கால் விரல் தரையைச் சுரண்டவில்லை. ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று நான் நிம்மதியாக மூச்சுவிட்ட முதல் நாள் அது.

புத்தகம் பிடிப்பது என் வேலையாகிவிட்டது. டீச்சர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அன்று மறுபடி ரூபா கதை. யானை வருத்தமாக நிற்கிற பக்கம். டீச்சர் கதையை நிறுத்திவிட்டு வகுப்பைப் பார்த்து, “இந்த யானை என்ன கலரு? மண்ணு கலரா?” என்று கேட்டார்.

“ஆமாங்க டீச்சர்” என்று மொத்த வகுப்பும் கத்தியது.

எனக்குப் பொறுக்கவில்லை. மண் நிறம் எப்படி வரும், இது எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. அது என் சத்தம்தான். “இல்லீங்க டீச்சர். இது சாம்பலுங்க. வெள்ளையில கொஞ்சம் கறுப்பு ஊத்துனா இது வருமுங்க.”

வகுப்பு அமைதியானது. அந்த நொடியில் டீச்சர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். “அட, பேசிட்டாளே!” என்று அவர் ஆச்சரியப்படவில்லை. கைதட்டச் சொல்லவில்லை. என் தோளைக்கூடத் தொடவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் எல்லாக் கண்ணும் யானையை விட்டுவிட்டு என் மேல் திரும்பியிருக்கும். நான் பழையபடி உள்ளே போயிருப்பேன். அவர் சாதாரணமாக, கடைக்காரரிடம் விலை கேட்பதுபோல அடுத்த கேள்வியைக் கேட்டார். “அப்படியா? எவ்வளவு வெள்ளைக்கு எவ்வளவு கறுப்பு?”

“ஒரு டப்பா வெள்ளைக்கு ஒரு மூடி கறுப்புங்க. கறுப்ப ஜாஸ்தி ஊத்திட்டா கெட்டுப்போகுமுங்க. வெள்ளையிலதான் கறுப்ப ஊத்தோணும். கறுப்புல வெள்ளைய ஊத்துனா எவ்வளவு ஊத்துனாலும் பத்தாதுங்க.”

பள்ளிக்கூடத்தில் நான் பேசிய முதல் பேச்சு இது. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் யானைக் கதையைச் சொன்னேன். பிரஷ் வேலையைப் பற்றி வகுப்பில் பேசியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் என் அலுமினியப் பள்ளிப் பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போனார். மூன்று நாள் கழித்து வந்தபோது அதன் மூடியில் ஒரு யானை இருந்தது. மயிலுக்கும் தாமரைக்கும் வைத்த பளிச்சென்ற நிறம் ஒன்றுகூட இல்லை. வெறும் சாம்பல். ஆனால் காது மடிப்பில் கொஞ்சம் அடர்த்தி, முதுகில் கொஞ்சம் வெளிச்சம் என்று அந்த ஒரே நிறத்தில் ஐந்தாறு சாம்பல் வைத்திருந்தார். மூடியின் ஓரத்தில் எனாமல் இப்போது பெயர்ந்துவிட்டது. யானை அப்படியே இருக்கிறது.

அந்த வருடம் முடிவதற்குள் புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் நெற்றியில் இருந்தது மூக்குக்கு வந்தது. அப்புறம் மோவாய்க்கு வந்தது. முழுப் பரீட்சைக்கு முந்திய வாரம் மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, டீச்சர் மேசையில் உட்கார்ந்திருக்க, ஒரு கதை முழுவதையும் நானே சொன்னேன். இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எந்த நாளில் எவ்வளவு இறங்கியது என்று எனக்கே தெரியாது.

கூச்சம் அதோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். கல்யாண வீட்டில் இன்றும் ஓர் ஓரமாகத்தான் நிற்பேன். சேலம் உத்தமசோழபுரத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, உடன் படிக்கிறவர்களுக்கு முன்னால் முதல் பாடம் நடத்த வேண்டிய நாளில் பழையபடி உள்ளங்கை நனைந்தது. கையோடு ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தூக்கிப் பிடித்ததும் தொண்டை திறந்தது.

அங்கேதான் தோழி ஒருத்தி எனக்கு டோட்டோ சான் புத்தகத்தைக் கொடுத்தாள். ஜப்பானில் தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்த நூல். தமிழிலும் நேஷனல் புக் டிரஸ்ட்தான் கொண்டுவந்தது. டோமோயி பள்ளியின் தலைமை ஆசிரியர் கோபயாஷி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு பிள்ளையை நடுவில் நின்று பேசச் சொல்வார். தன்னிடம் சொல்ல எதுவும் இல்லை என்று நின்ற ஒரு பையனை அவர் விரட்டவில்லை. காலையில் எழுந்தாய் அல்லவா, அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று ஒவ்வோர் அடியாகக் கூடவே நடக்கிறார். எழுந்ததும், அம்மா அதட்டியதும், பள்ளிக்கு வந்ததும் சேர்ந்து அந்தப் பையனுக்கும் ஒரு கதையாகிவிடுகிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது விடுதி அறையில் அழுதுவிட்டேன். தோக்கியோவில் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோன ஒரு பள்ளியில் நடந்ததை, நாமக்கல் பக்கத்தில் ஒரு டீச்சர் தானாகவே செய்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் அந்த நூலைப் படித்தவர் அல்ல.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில், 2007-08 கல்வியாண்டில், தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் செயல்வழிக் கற்றல் வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. சுவரின் அடிப்பகுதி நெடுகக் கரும்பலகை வைத்து, ஆளுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினோம். மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டோம். அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களிடையே பல கருத்து உண்டு. நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேசாத பிள்ளைகள் அந்தத் தாழ்ந்த கரும்பலகையில் ஓயாமல் எழுதினார்கள், வரைந்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் எதிரே கண் இல்லை அல்லவா?

இன்று தமிழில் படப் புத்தகங்கள் முன்பைவிட அதிகம். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா ஒரே பக்கத்தில் இரண்டு மொழி வைத்துப் புத்தகம் போட்டது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணைய மேடையைத் திறந்து படமும் கதையும் யார் வேண்டுமானாலும் எடுத்து மொழிபெயர்த்து அச்சிடலாம் என்று விட்டுவிட்டது. 2023இல் நம் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படியாக வந்தன. முதல் படிக்கு ‘நுழை’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். வாசலில் தயங்கி நிற்கிற பிள்ளையைத் தெரிந்தவர் வைத்த பெயர் அது.

தன்னம்பிக்கை ஊட்டுகிற கதை என்று சொல்லிப் பெற்றோர் என்னிடம் புத்தகம் கேட்பதுண்டு. கூச்சப்படுகிற பிள்ளை கடைசிப் பக்கத்தில் மேடையேறிக் கைதட்டு வாங்குகிற கதைகளை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. நீ இப்போது இருப்பது தப்பு, அந்த மேடைக்குப் போனால்தான் சரி என்று அது பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. யானையோ எறும்போ எதுவாக இருந்தாலும் சரி, பிள்ளை தானாக விரல் வைத்துப் பார்க்க ஏதாவது இருக்கிற பக்கம் வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவசரப்படாமல் அதே படத்தைப் பார்க்க வேண்டும். இருவரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு அந்த இடத்தில்தான் முளைக்கிறது.

போன வருடம் மூன்றாம் வகுப்புக்கு ஒரு பெண் குழந்தை வந்தாள். அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் தங்கி வேலை செய்கிறார்கள். பண்ணைக்குள்ளேயே தகரக் கூரை போட்ட வீடு. எங்கள் பிள்ளைகள் தட்டில் விழுகிற சத்துணவு முட்டையெல்லாம் இப்படிப்பட்ட கைகள் வழியாகத்தான் வருகிறது. குழந்தைக்குத் தமிழ் புரிந்தது, பேச்சு இல்லை. பெயர் வாசித்தால் கையைத் தூக்குவாள். அந்தக் கை தோளுக்கு மேலே போகவில்லை.

ஸ்டோரிவீவரில் ஒரு கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் அச்செடுத்து, ஒடியாப் பிரதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அப்பா அதை இரவில் படித்துக் காட்டினார் என்று பிறகு தெரிந்தது. வகுப்பில் தமிழ்ப் பிரதியை அவளிடம் கொடுத்து, “எனக்குக் கை வலிக்குது சாமி, புடிச்சுக்கிறியா?” என்றேன். முகத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றி வரை மறைந்தது. ஒரு வாரம் கழித்து ரூபாவைக் கொடுத்தேன். பழைய புத்தகம் எங்கேயோ போய்விட்டது, இது புத்தகக் கண்காட்சியில் தேடி வாங்கியது. யானையைப் பார்த்ததும் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக, “ஹாத்தி” என்று வந்தது. நான் திரும்பவில்லை. வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் எங்கள் பள்ளியில் யானைக்கு ஹாத்தி என்றே பெயர்.

ஒரு மாதம் போனது. அன்று எடுத்த புத்தகத்தில் சந்தைக்குப் போகிற ஒரு கிழவியின் படம். தலையில் முட்டைகளை அடுக்கிய டிரே. புத்தகம் குழந்தையின் மூக்குக்கு நேரே இருந்தது. கண் இரண்டும் மேலே தெரிந்தன. நான் வகுப்பைப் பார்த்து, “ஒரு டிரேயில எத்தனை முட்டை இருக்கும்? இருபது இருக்குமா?” என்றேன்.

“ஆமாங்க டீச்சர்” என்று வகுப்பு கத்தியது.

“இல்லீங்க டீச்சர்” என்றது புத்தகத்துக்குப் பின்னால் ஒரு குரல். தெளிவான தமிழ், எங்கள் பக்கத்துத் தமிழ். “முப்பதுங்க. அஞ்சு இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம்.”

எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஒரு டிரேயில் முப்பது முட்டை என்பது நாமக்கல்லில் யாருக்குத் தெரியாது? எனக்குத் தெரிந்துதான் இருபது என்று கேட்டேன். அப்படியானால் யானை என்ன நிறம் என்று என் டீச்சருக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? என் அப்பா பெயிண்டர் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு நாள் பொறுத்திருந்து, எனக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைத் தப்பாகக் கேட்டிருக்கிறார்.

தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாதாரணமாகக் கேட்டேன்: “அப்படியா? அப்ப மூணு டிரே இருந்தா?”

புத்தகம் ஒரு விரற்கடை இறங்கியது.